உரக்கடைக்கு மட்டும் கேட்காத போன்

போனை ஒரு மிஷினின் கம்பியில் மாட்டிவிட்டால் போதும். பேட்டரி சரி, திரை சரி, ஸ்பீக்கர் சரி என்று அது தானாகவே சோதித்து வரிசையாகப் பச்சை டிக் போட்டுக் காட்டிவிடும். அப்படியொரு ஏற்பாடு அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த கடைக்கும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. கழுத்தெலும்பு தேய்ந்து, பார்வை மங்கி, "இனிமே குனியவே கூடாது" என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்ன பிறகு வேலையை விட்டவள் நான். இந்த மிஷின் முன்னாடியே வந்திருந்தால் என் கழுத்தாவது மிஞ்சியிருக்கும்.

சமீபத்தில் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று கடைக்குப் போனேன். எல்லா டிக்கும் பச்சையாக இருக்கிற ஒருத்தர் கொண்டுவந்த பழைய போனை வைத்துக்கொண்டு முத்துலட்சுமி முழித்துக்கொண்டிருந்தாள். நான் விட்ட நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்தான்.

"அக்கா, மிஷினு எல்லாம் நல்லாருக்குங்குது. இந்தாளு ரிப்பேருங்காரு. நான் யாரை நம்ப?"

"ஆளை நம்பு" என்றேன்.

"அதெப்பிடிக்கா யோசிக்காமச் சொல்றீக?"

யோசிக்காமல் சொல்லவில்லை. ஒரு மனிதரை நினைத்துக்கொண்டு சொன்னேன். அந்தக் கதை நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ராணி. பந்தல்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அம்மா அடுத்தவர் புஞ்சையில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் எங்களை வளர்த்தாள். நான் பத்தாவது முடித்துவிட்டு, டிவி போர்டுக்குப் பற்றவைக்கிற கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு மதுரையில் ஓர் இலவசப் பயிற்சி. அவ்வளவுதான் என் படிப்பு, நீட்டிச் சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. நீட்டிச் சொல்ல வேண்டியது காதர் பாயைப் பற்றி.

கடை அவருடையது. வீரசோழன் ஊர்க்காரர். அங்கிருந்து தினமும் பஸ்ஸில்தான் வருவார், போவார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போதுதான் நாங்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். வந்தவர் போனை நீட்டியவுடன் கையை நீட்டி வாங்கக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆர்வக்கோளாறில் வெடுக்கென்று வாங்கி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவுக போனு அவுக கையிலேயே இருக்கட்டும், ராணி. எப்பிடிப் பிடிக்கிறாக, எப்பிடி அமுத்துறாகன்னு பாரு. நீ வாங்கிட்டேன்னா நீ பிடிக்கிற பிடிதான் பிடிப்ப. நூத்துக்கு அம்பது கோளாறு அவுக பிடியிலதான் இருக்கும்."

எனக்கு அப்போது அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ரிப்பேர் கடையில் போனைத் தொடாமல் என்னத்தைப் பார்ப்பது?

பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பேச ஆரம்பித்தால் திரை இருட்டாகிவிடுகிறது, பேசி முடித்தாலும் வெளிச்சம் வருவதில்லை என்று ஒருத்தர் வந்தார். திரை மாற்ற வேண்டும் என்று நான் தீர்மானமே செய்துவிட்டேன். பாய் அவரைப் போனைக் காட்டச் சொன்னார். போனின் உச்சியில் முருகன் படம் ஒட்டியிருந்தது. போனைக் காதில் வைத்திருக்கிறோமா எடுத்துவிட்டோமா என்று பார்த்துச் சொல்லும் சின்னக் கண் அங்கேதான் இருக்கிறது. அதன் மேலேயே படம். பாய் அந்தப் படத்தை நகம் படாமல் உரித்துப் போனின் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்தார். "சாமி முதுகுக்குக் காவலா இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். இருட்டு தீர்ந்தது.

இரண்டாவது, மோந்து பார்ப்பார். சிரிக்காதீர்கள். பூச்சிமருந்து வாடை அடித்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. எரிந்த வாடை அடித்தால் சார்ஜர் சரியில்லை. பின்மூடி பூரி மாதிரி உப்பியிருந்தால் மட்டும் மோந்துகூடப் பார்க்காமல், "பேட்டரியக் கழட்டு, தலைமாட்டுல வச்சுத் தூங்காதீகன்னு சொல்லு" என்பார். மூன்றாவது, சார்ஜ் ஏறவில்லை என்றால் எடுத்த எடுப்பில் எதையும் மாற்றக்கூடாது. டார்ச் அடித்துச் சார்ஜ் துளைக்குள் பார்க்க வேண்டும். பருத்தி எடுக்கிற காலத்தில் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து வருகிற போனில் பாதிக்கு அங்கேதான் சீக்கு. பஞ்சு மடியிலேயே போனும் கிடக்கும். பஞ்சு துளைக்குள் போய், சார்ஜர் குத்தக் குத்த மெத்தையாக அமுங்கி, கடைசியில் சார்ஜர் முனை உள்ளே ஏறாது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் சீவி அதைத் தோண்டி எடுப்போம். ஊசியையோ பின்னையோ கொண்டுபோனால் பாயின் குரல் மெதுவாகிவிடும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே சில வழக்கங்கள் உண்டு. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் போடச் சொல்வார்கள் இல்லையா? மானாவாரிக் காட்டில் அரிசி எங்கே மூட்டையாக இருக்கிறது? இருப்பது குதிரைவாலியும் கேப்பையும்தான். அதற்குள் புதைத்துவிடுவார்கள். ஒரு தடவை ஓர் அம்மா கொண்டுவந்தார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, ஹெட்போன் மாட்டாமலே மாட்டியிருப்பதாகத் திரையில் காட்டுகிறது. துளைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கேப்பை. அதோடு போகவில்லை. இருந்த ஈரத்தில் அது வெள்ளையாக ஒரு முளையும் விட்டிருந்தது. உலகத்தில் உள்ள எல்லாக் குரலும் வந்து போகிற மிஷினுக்குள்ளே ஒரு கேப்பை சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாய் அதை இடுக்கியால் நோகாமல் எடுத்து, "தாயி, இந்தாங்க உங்க வெள்ளாமை" என்று அந்தம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்னொரு வழக்கம் ஸ்பீக்கர். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் போனைக் காதில் வைப்பதில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, போனை வாய்க்கு நேரே படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு, காடே கேட்கப் பேசுவார்கள். பொட்டக்காட்டுக் காற்றுக்கு அதுதான் சரிப்படும். அதோடு ஒரு நியாயமும் இருக்கிறது. "ரகசியம் பேசுறவன்தான் காதுல வைப்பான்" என்பார்கள். வீட்டில் ஒருத்தர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கினால் போச்சு, "ஆரு போன்ல?" என்று மூன்று பேர் கேட்பார்கள்.

இனி அந்த மனிதர். பெருமாள்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல உயரம். அவருடைய ஊர்க்காரன் செல்லப்பாண்டி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், தன் போனுக்குப் பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு முன்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஊரில் ஒரு சேதி பரவ வேண்டுமானால் அவன் ஆட்டோவில் ஏறினால் போதும் என்பார்கள். அவனைப் பார்த்ததும் பெருமாள்சாமி வாசலிலேயே தயங்கினார். திரும்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். போகவில்லை, உள்ளே வந்தார்.

"தாயி, இந்தப் போன்ல பேசுனா எல்லாருக்கும் கேக்குது. உரக்கடைக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது."

"கேக்க மாட்டேங்குதுன்னா?"

"அவுக பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது அவுகளுக்குக் கேக்கல."

பெஞ்சிலிருந்து செல்லப்பாண்டி சிரித்தான். "யூரியா எப்ப வரும்னு கேட்டிருப்பீக பெரியவரே! அதான் அவனுக்குக் காது அடைச்சுப்போச்சு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் ரிப்பேராகிற போனை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. போனை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரைப் போட்டு, வாய்க்கு நேரே பிடித்து, "அலோ, கேக்குதா" என்றார். கணீரென்று கேட்டது. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அணைத்துப் போட்டேன். நெட்வொர்க் அமைப்பை அழித்துப் புதிதாக வைத்தேன். போன் முழுக்க யார் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் அடைத்துக் கிடந்தன, அவரைக் கேட்டுக்கொண்டு அவற்றையும் ஒழித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் பேசினார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டது.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கோளாறு உங்க போன்ல இல்ல. உரக்கடைக்காரக போன்லதான் இருக்கு. அவுகளை வந்து காட்டச் சொல்லுங்க" என்றேன்.

"அவுக வரமாட்டாக தாயி" என்றார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அந்த நேரம் பாய் உள்ளேயிருந்து வந்தார். கேள்வி கேட்காமல் கொஞ்ச நேரம் பெருமாள்சாமியின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எப்ப இருந்து அண்ணாச்சி இப்பிடி?" என்றார்.

"தை கடைசி இருக்கும். மோட்டார் வாய்க்கால்ல போன் விழுந்துச்சு. எடுத்துக் குதிரைவாலி மூட்டைக்குள்ள போட்டு வச்சேன். நல்லாயிருச்சு. அதுக்கப்பறந்தான்."

"உரக்கடைக்கு எப்பிடிப் பேசுவீக? பேசிக் காட்டுங்க."

பெருமாள்சாமி ஓரக்கண்ணால் பெஞ்சைப் பார்த்தார். "இப்ப வேணாம்."

"பேச வேணாம். பிடிச்சு மட்டும் காட்டுங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். போனைக் காதோடு ஒட்டினார். துண்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார். ஆறடி மனிதர், திருடப் போன ஆள் மாதிரி ஒடுங்கிப் போனார்.

"பாய்" என்றேன், "இவுக காதுல வைக்கிறாக. காலையில இருந்து பேசுனது பூரா ஸ்பீக்கர்ல!"

பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எத்தனை வருஷ வேலையிலும் அந்தத் தலையாட்டல் மாதிரி எனக்கு வேறொரு பட்டம் கிடைத்ததில்லை.

விஷயம் இதுதான். அந்தப் போனில் மைக் இரண்டு. காதில் வைத்துப் பேசினால் கீழே வாய்ப்பக்கம் இருக்கிற மைக் குரலை எடுக்கும். ஸ்பீக்கரைப் போட்டால் மேலே இருக்கிற மைக் எடுத்துக்கொள்ளும். மேல் மைக் நல்லாயிருக்கிறது. கீழ் மைக் செத்துக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் ஸ்பீக்கரில் பேசுகிற மனிதர் ஒரே ஒருத்தரிடம் மட்டும் ரகசியமாகக் காதில் வைத்துப் பேசுகிறார். அந்த ஒருத்தருக்கு மட்டும் அவர் குரல் போகவில்லை.

"ஸ்பீக்கர் போட்டுப் பேசுனா இப்பவே கேக்கும் அண்ணாச்சி" என்றார் பாய்.

"அது முடியாது பாய்" என்றார் அவர். அவர் சொன்ன விதத்தைப் பார்த்ததும், எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. பாய் அவரைப் பலகைத் தடுப்புக்கு உள்ளே, நான் வேலை பார்க்கிற மேஜைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார். டீ சொன்னார்.

நான் போனை அணைத்துவிட்டுப் பின்மூடியைச் சூடு காட்டி இளக்கிக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச ஆரம்பித்தார். செல்லப்பாண்டி காதில் விழாத குரலில்.

"உரக்கடைன்னு போட்டு வச்சிருக்கிறது எம்மக நம்பரு. செல்வி. தாயில்லாப் பிள்ளை. கூடப் படிச்ச பையனைக் கட்டிக்கிட்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போயிருச்சு. எங்கண்ணன் வீட்டுல அத்தனை பேரையும் தலைமுழுக வச்சுட்டாக. கொலசாமி கோயில்ல தண்ணிச் செம்புல கை வச்சு, இனிச் செத்தாலும் அவளோட பேச்சில்லைன்னு சத்தியம் வாங்குனாக. நானும் வச்சேன்."

"பையன் எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"எங்க புஞ்சைக்குப் பருத்தி எடுக்க வர்ற வீட்டுப் பையன்."

மூடியை இளக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. சுர்ரென்று ஏறியது எனக்கு. பொழுது சாய்கிறவரை எங்கள் அம்மாக்கள் உங்கள் புஞ்சையில் நிற்கலாம், பிள்ளைகள் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாதா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார். விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

"பிள்ளை போன் பண்ணும். நான் சத்தியத்துக்குப் பயந்து எடுக்காமலே கட் பண்ணுவேன். அப்பறம் அது மாசமா இருக்குன்னு காதுல விழுந்துச்சு. தாயிருந்தா கூட இருப்பா. மனசு கேக்கல. என்ன ஆனாலும் ஆகட்டும்னு ஒரு நா எடுத்துட்டேன். 'ஆத்தா செல்வி'ங்கிறேன். அதுக்குக் கேக்கல. 'அப்பா, எடுத்துட்டும் பேசமாட்டேங்குறீகளே, எம்மேல இன்னும் கோவமா'ங்குது. இல்லத்தா இல்லத்தாங்கிறேன். அழுதுட்டு வச்சிருச்சு. ஒவ்வொரு தடவையும் இதே கததான். பேசக்கூடாதுன்னு இருந்தவரைக்கும் போன் நல்லாத்தான் இருந்துச்சு. பேசணும்னு நினைச்சேன், சாமி எங்குரலை வாங்கிருச்சு. தலைமுழுகுன பிள்ளைக்கு நான் பேசுறது எப்பிடிக் கேக்கும்?"

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவி மனுஷன்! போன் நனைந்ததும் மனசு நனைந்ததும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை, அந்தக் கணக்கில் பார்த்தால் நானேகூட அப்படித்தான் நம்பியிருப்பேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமி அடைக்கிறதுன்னா ரெண்டு பக்கமும்ல அடைச்சிருக்கும்? உங்க மக பேசுறது உங்களுக்குக் கேக்குதுல்ல? அதை ஏன் விட்டு வச்சிச்சாம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  அந்தப் பார்வையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"நேத்துப் பேசுச்சு" என்றார் கடைசியில். "'நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்றேன்பா. பெரிய ஆபரேசன்ங்கிறாக. உள்ள போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கூப்பிடுவேன். அப்பவும் பேசலைன்னா இனிக் கூப்பிடவே மாட்டேன்பா'ன்னுச்சு. சாயந்தரம் ஆகுமாம். அதுக்குள்ள எப்பிடியாவது பாத்துக் குடுங்க."

போனைத் திறந்தேன். கீழே சின்ன போர்டு. போனின் வாய்த்துளைக்கும் மைக்குக்கும் நடுவில் ரப்பரில் ஒரு குட்டிக் கிண்ணம் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிண்ணம் நிறையக் குதிரைவாலி உமித்தூசி. ஈரத்தில் களியாகி, காய்ந்து, கல்லாக இறுகிக் கிடந்தது. ஓர் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் எழும்பிய சுவர், மொத்தமே உளுந்தளவு. எத்தனையோ போன் பிரித்தவள் நான். அன்றைக்கு அந்த லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தூசியை ஈர்க்கு நுனியால் நோண்டி எடுத்தேன். பிரஷில் மருந்து தொட்டுக் கழுவிக் காயவைத்து, மூடியைப் போடாமலே போனை உயிர்ப்பித்துச் சோதித்தேன். காதில் வைத்து அவர் பேசினார். என் போனில் ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை. உமி உறிஞ்சி வைத்திருந்த ஈரம் மைக்கை அரித்துப் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. பழைய போர்டுகள் கிடக்கிற டப்பாவைக் கொட்டித் தேடினேன். அந்த மாடலுக்குப் பொருந்துகிற மைக் ஒன்றுகூட இல்லை. மதுரையிலிருந்துதான் வர வேண்டும், அது நாளைக்குத்தான்.

"சிம்மைக் கழட்டி என் போன்ல போடு ராணி" என்றார் பாய். "அதுல காதுல வச்சுப் பேசட்டும்."

அதுதான் சரி. சிம்மைத் தள்ளுகிற ஊசியைக் கையில் எடுத்தேன். அப்போது மேஜை மேல் மூடியில்லாமல் கிடந்த அந்தப் போன் அதிர்ந்தது. திரையில் 'உரக்கடை'.

சாயந்தரம் என்று சொன்னவள் அப்போதே கூப்பிடுகிறாள். சிம்மைக் கழற்றினால் அழைப்பு அறுந்துபோகும். பெருமாள்சாமி பாய்ந்து எடுத்துப் பழக்கத்தில் காதில் வைத்தார்.

"ஆத்தா" என்றார். "ஆத்தா, ஆத்தா!"

காதுக்கும் போனுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் குரல் மெலிசாகக் கசிந்தது. "அப்பா... முன்னாடியே கூப்பிட்டுட்டாகப்பா. என்னைய உள்ள கொண்டு போகப் போறாக."

அவர் என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பலகைத் தடுப்பைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்லப்பாண்டி. ஸ்பீக்கரைப் போட்டால் அவனுக்குக் கேட்கும். அவனுக்குக் கேட்டால் இருட்டுவதற்குள் அண்ணன் வீட்டுக்குக் கேட்கும், கோயிலுக்குக் கேட்கும். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பீக்கர் பொத்தானை நானே அமுத்தக் கையை நீட்டினேன்.

"ராணி" என்றார் பாய், மெதுவாக. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அவுக போனு."

கையை இழுத்துக்கொண்டேன்.

"அப்பா, வச்சிரவாப்பா?" என்றது போன்.

பெருமாள்சாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். ஸ்பீக்கரை அமுத்தினார். வாய்க்கு நேரே படுக்க வைத்துப் பிடித்து, இந்தக் கரையில் நின்று அந்தக் கரை ஆளைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"வைக்காதத்தா! அப்பா பேசுறேன்!"

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மேல் மைக்கும் போய்விட்டதோ என்று பயந்தேன். பிறகு ஓவென்று ஓர் அழுகை கடை முழுக்க நிறைந்தது.

"அழுகாதத்தா. ஆபரேசன் நேரத்துல அழுகக் கூடாது. சாப்பிட்டியாத்தா?"

அழுகைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "ஆபரேசனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுப்பா."

"ஆமால்ல? சரி, சாப்பிடாத. எனக்குக் கோவமில்லத்தா. அன்னைக்கும் இல்ல. இத்தனை நாளும் நான் பேசுனேன் ஆத்தா, போன்தான் கொண்டாந்து சேக்கல. மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? இருக்கச் சொல்லு. நான் வாரேன். இந்தா, இப்பவே பஸ்ஸு ஏறப்போறேன்."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னார். என் காதால் கேட்டேன்.

தடுப்பு ஓரத்தில் நிழல் தட்டியது. செல்லப்பாண்டி எழுந்து வந்து நின்றிருந்தான். அந்த ஆட்டோக்காரன் முகத்தில் அப்படியொரு பணிவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவன் எட்டிப் போனுக்கு நேரே குனிந்து, "ஏத்தா செல்வி, நான் செல்லப்பாண்டிச் சித்தப்பா. தைரியமாப் போயிட்டு வா தாயி. ஒண்ணும் ஆகாது" என்றான்.

யாரோ ஒரு நர்ஸம்மா போனைக் கொடுக்கச் சொல்வது கேட்டது. அழைப்பு நின்றது.

பெருமாள்சாமி போனைத் துண்டால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.  செல்லப்பாண்டி தொண்டையைக் கனைத்தான்.

"பெரியவரே, நீங்க ஒண்ணும் நினைக்காதீக. நான் ஊர்ல என்னத்தச் சொல்லப்போறேன்? உரக்கடைக்குப் பேசுனீக, அம்புட்டுத்தான்."

"இல்லப்பா" என்றார் அவர். "எம்மக கூடப் பேசுனேன். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

போனுக்கு மூடியை மட்டும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்த நடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாய் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

எனக்கு இன்றைக்கும் அந்த ஆச்சரியம் தீரவில்லை. அந்தப் போன் முதல் நாளிலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மறைத்துப் பேசினால் கேட்காது, திறந்து பேசினால் கேட்கும். உமித்தூசியின் வேலைதான் அது, தெய்வச்செயல் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி அமைந்ததே, அதை என்ன சொல்வது? எந்த மிஷினும் அந்தக் கோளாறுக்குச் சிவப்பு காட்டும், கீழ் மைக் போச்சு என்று சொல்லும். சரியாகத்தான் சொல்லும். சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற அந்த மனிதரை அது எப்படிப் பார்க்கும், முத்துலட்சுமி?

பிறகு நடந்ததைச் செல்லப்பாண்டிதான் வந்து சொன்னான். செல்விக்கு ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பெருமாள்சாமியை அழைக்கவில்லை. அவர் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, அப்படியே கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடித்தாராம்.

மதுரையிலிருந்து மைக் வந்து வெகுநாள் டப்பாவில் கிடந்தது. மாட்டிக்கொள்ள ஆளைக் காணோம். நான் ஒரு நாள் கூப்பிட்டேன். எடுத்தவுடன் காற்றுச் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம்.

"அண்ணாச்சி, உங்க மைக்கு வந்துருச்சு. ஒரு நா வந்தீகன்னா மாட்டிக் குடுத்துருவேன்."

"அது எதுக்கு தாயி இனிமே?" என்று கத்தினார் பெருமாள்சாமி. "நான் யாரோடயும் காதுல வச்சுப் பேசுறதே இல்லையே!"